ஃபர்தர் மேத்ஸ் எடுப்பதா, வேண்டாமா: முத்தோரை மாணவி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

2022 மே மாதக் கடைசி. ஊட்டியில் சீசன் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் பழைய மாணவர் ஒருவர் மூத்த மகளோடு வீட்டுக்கு வந்தார். முத்தோரை பாலாடாவில் குத்தகை நிலத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். பிளஸ் டூவில் என்னிடம் கணக்குப் படித்தவர். இன்றும் என் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அவர் மனைவி ஊட்டியில் ஒரு தனியார் உறைவிடப் பள்ளியின் மருத்துவ அறையில் செவிலியர். ஊழியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதால் மகள் அங்கேயே படித்தாள். வீட்டிலிருந்து போய் வருகிறவள். பாடத்திட்டம் கேம்பிரிட்ஜுடையது. பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை முடித்துவிட்டு, ஏ லெவல் என்னும் மேல்நிலைப் படிப்பில் சேர வேண்டிய நேரம்.

"டீச்சர், மேத்ஸ் போக இன்னொரு மேத்ஸ் இருக்காம். ஃபர்தர் மேத்ஸ்னு பேரு. எடுத்தா நல்லதுன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. எடுக்கட்டுங்களா?"

மகள் பேசவில்லை. மடியில் பாடத்தேர்வுப் படிவம் இருந்தது. அதில் பென்சிலால் எதையோ எழுதி அழித்த தடம் தெரிந்தது.

நான் நீலகிரியின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலைக் கணித ஆசிரியராக இருந்து 2021இல் ஓய்வு பெற்றவள். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் நான் பாடம் நடத்தியதில்லை. அதனால் அன்று பதில் சொல்லாமல், ஒரு வாரம் கேட்டேன். அந்த ஒரு வாரம் கடைசியில் இரண்டு வருடமாக நீண்டது. மலையில் இப்போது இதே கேள்வியோடு நிற்கும் வீடுகள் பல என்பதால், குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பாடத்தில் என்ன இருக்கிறது

முதலில் பாடத்திட்டத்தை வரவழைத்துப் படித்தேன். ஏ லெவல் கணிதம் ஒரு பாடம். அதற்கு மேல், அது தெரியும் என்று வைத்துக்கொண்டு கட்டப்பட்ட தனிப்பாடம் ஃபர்தர் மேத்ஸ். நான்கு தாள்கள். முதல் இரண்டும் தூய கணிதம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 75 மதிப்பெண். மூன்றாவது இயக்கவியல், நான்காவது நிகழ்தகவும் புள்ளியியலும்; இவை ஒன்றரை மணி நேரம், 50 மதிப்பெண். நான்கையும் எழுதினால் முழு ஏ லெவல். முதல் தாளோடு மூன்றாவதையோ நான்காவதையோ மட்டும் எழுதினால் ஏஎஸ், அதாவது பாதி.

உள்ளே போகப் போக எனக்கு ஒரு வியப்பு. கலப்பெண்கள், சமன்பாட்டு மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள தொடர்பு, அணிகள், வெக்டர், வகைக்கெழுச் சமன்பாடுகள், கணிதத் தொகுத்தறிதல். இவற்றில் பெரும்பகுதியை நான் தமிழ் வழி மாணவர்களுக்கு வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்புக் கணிதம் இரண்டு தொகுதி, 12 அத்தியாயம். முதல் அத்தியாயமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். இரண்டாவது கலப்பெண்கள், மூன்றாவது சமன்பாட்டியல், பத்தாவது சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். தொகுத்தறிதல் 11ஆம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. நம் புத்தகத்தில் இல்லாதவை அதிபரவளையச் சார்புகள், துருவ ஆயத்தொலைகள், ஐகன் மதிப்புகள், கை-வர்க்கச் சோதனை போன்ற சில.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரே பாடப்பொருளை இரண்டு திட்டங்களும் கேட்கும் விதம் வேறு. பழைய பிளஸ் டூ புத்தகத்தில் குலங்கள் என்னும் இயற்கணிதப் பகுதி இருந்த காலத்தில், ஒன்றின் படிமூலங்கள் பெருக்கலின் கீழ் எபீலியன் குலமாகும் என்று காட்டச் சொல்லும் பத்து மதிப்பெண் கேள்வியை என் வகுப்பில் பாதிப் பேர் மனப்பாடமாக எழுதிவிட்டு வந்தார்கள். குலம் என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஃபர்தர் மேத்ஸ் பழைய வினாத்தாள்களைப் பார்த்தபோது, ஒரு கேள்வியின் முதல் பகுதியில் நிரூபித்ததைக் கடைசிப் பகுதியில் தானாகவே எடுத்துப் பயன்படுத்தச் சொல்வது தெரிந்தது. மனப்பாடம் அங்கே அதிக தூரம் கொண்டுபோகாது.

ஆனால் மகளின் தந்தைக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: இந்தப் பாடத்தின் பெரும்பகுதி நம் பாடநூல் கழகப் புத்தகத்தில், வீட்டு அலமாரியில் கிடைக்கும். அறிவுக்காக என்றால் சான்றிதழ் வேண்டியதில்லை. சான்றிதழ் யாருக்கு வேண்டும் என்று பார்ப்போம்.

கேட்பவர் யார்

அவள் படிக்க விரும்பியது இயற்பியல். காரணம் கண்முன்னே நிற்கிறது. அவர்கள் நிலத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில், எஃகுக் கம்பிகளைப் பரப்பி அமைத்த ஒரு பரவளைய உருளை. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கட்டி, 1970இல் இயங்கத் தொடங்கியது. மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே வானத்துப் பொருள் ஒன்றை ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரம் போலப் பின்தொடரலாம். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னாள், நான் அவளுக்கல்ல. படிவத்தைப் பற்றி வாய் திறக்காத பிள்ளை இதற்கு மட்டும் பத்து நிமிடம் பேசினாள்.

வெளிநாட்டில், குறிப்பாக பிரிட்டனில், கணிதப் பட்டத்துக்கு ஃபர்தர் மேத்ஸ் பெரிய விஷயம். இம்பீரியல் கல்லூரியும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கணிதத்துக்கு அதை எதிர்பார்க்கின்றன. கேம்பிரிட்ஜ் அதற்கு மேல் ஸ்டெப் என்னும் தனித் தேர்வும் வைக்கிறது. இயற்பியலுக்கு அங்கே பெரும்பாலும் கட்டாயம் இல்லை. இருந்தால் நல்லது என்ற அளவில் நிற்கிறது. நாலு பாடம் எடுத்தால்தான் உதவித்தொகை கிடைக்கும் என்று யாரோ சொன்னதாகத் தாய் கவலைப்பட்டார். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பொதுவாக இடம் தருவது மூன்று பாடங்களின் தரத்தை வைத்தே. எப்படியும் வெளிநாட்டுக் கட்டணம் இந்தக் குடும்பத்துக்கு எட்டாதது. தந்தை அதை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இந்தியாவில்? நான் பார்த்தவரை அவளுக்கான எந்த வழியும் ஃபர்தர் மேத்ஸைக் கேட்கவில்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு பிளஸ் டூ அளவுக் கணிதத்தையே ஆழமாகக் கேட்கும். ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் திறனறி தேர்வில் 60 கேள்வி, 240 மதிப்பெண்: உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு என்றால் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50.

இந்த இரண்டு கணக்கையும் எழுதிப் பார்த்தபோதுதான் படிவத்தில் ஒளிந்திருந்த ஆபத்து தெரிந்தது.

வேதியியல்

பள்ளி கொடுத்த படிவத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கணிதம், இயற்பியல், வேதியியலோடு நாலாவதாக ஃபர்தர் மேத்ஸ். மற்றது, வேதியியலை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஃபர்தர் மேத்ஸ். பென்சிலால் எழுதி அழித்திருந்தது இரண்டாவதை. அவளுக்கு வேதியியல் பிடிக்காது. நாலு பாடச் சுமையும் வேண்டாம், பிடிக்காததும் போகட்டும் என்று நினைத்திருக்கிறாள். பதினாறு வயதில் யாருக்கும் தோன்றுவதுதான்.

வேதியியலை விட்டால் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்குத் தகுதியே போய்விடும். ஐசர் தேர்வில் 60 மதிப்பெண் கைவிட்டுப் போகும். பத்தாம் வகுப்போடு உயிரியலையும் விட்டவள் என்பதால் பாதித் தாள் கைவிட்டுப் போகும். இதைப் பள்ளியில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வெளிநாடு போகும் பிள்ளைகளை மனதில் வைத்து அச்சடித்த படிவம் அது. அதே படிவம் கேரட் தோட்டத்துப் பிள்ளையிடமும் வருகிறது. இந்த ஆய்வில் மற்றதெல்லாம் இருபக்கமும் பேசலாம். இந்த ஒன்றில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இந்தியாவில் அறிவியல் படிக்கப் போகிற பிள்ளை, கூடுதல் கணிதத்துக்காக வேதியியலைக் கொடுக்கக் கூடாது.

"பிடிக்கலைன்னாலும் படிக்கணுமா டீச்சர்?" என்றாள்.

"ரெண்டு வருஷம் படிம்மா. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

படிவத்தில் நாலு பாடமும் குறித்துக் கொடுத்தோம். செப்டம்பர் முடிவுக்குள் ஒரு பாடத்தை விட்டுவிடப் பள்ளி அனுமதித்தது. ஆக, முடிவெடுக்க எங்களுக்கு மூன்று மாதம் கிடைத்தது.

மணிக்கணக்கு

ஒரு ஏ லெவல் பாடத்துக்கு ஏறத்தாழ 360 மணி நேர வகுப்பு, ஏஎஸ் பாடத்துக்கு 180 என்று கேம்பிரிட்ஜே கணக்குச் சொல்கிறது. அந்தப் பள்ளி பிள்ளைகளை இரண்டாம் ஆண்டின் அக்டோபர்-நவம்பர் தேர்வுக்கு அனுப்பும். முடிவு ஜனவரியில் வந்துவிடுவதால் இந்தியச் சேர்க்கைக்கு வசதி. ஜூனில் தொடங்கி அடுத்த அக்டோபர் வரை, விடுமுறை போக 60 வாரம் என்று வைத்துக்கொண்டால் முழுப் பாடத்துக்கு வாரம் ஆறு மணி நேரம். வீட்டுப்பாடம் தனி.

அந்த ஆறு மணி நேரத்தைப் பள்ளி எங்கே வைத்திருந்தது? விடுதிப் பிள்ளைகளின் வசதிக்கு: மூன்று நாள் காலை ஏழு மணி, சனிக்கிழமை முற்பகல். முத்தோரையிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் இல்லை. தந்தையின் பிக்கப் வண்டியோ, கேரட் பிடுங்கும் நாட்களில் விடியுமுன்பே கழுவும் மிஷினுக்குப் போய், மூட்டையேற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் பாதையும் இல்லை, கரண்டும் இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலை ஆறு மணிக்குக் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மலையில் ஒரு பாடத்தை எடுப்பதா என்ற கேள்வி பாதிக்கு மேல் பஸ் கேள்விதான்.

இங்கே என் பழைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கெட்டிக்கார மாணவன் ஒருவனை, பொதுத்தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில், நுழைவுத் தேர்வுக் கணக்குகளையும் சேர்த்துப் போடச் சொல்லி நான்தான் விரட்டினேன். கணக்கில் நன்றாகவே செய்தான். இயற்பியலிலும் வேதியியலிலும் சறுக்கினான். கட்-ஆஃப் போய்விட்டது. அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை, இன்றுவரை பார்த்தால் வணக்கம் வைக்கிறான். அதனால்தான் எனக்கு மறக்கவில்லை.

செப்டம்பர் சோதனை

மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் வேண்டாம் என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம், அவள் தொலைநோக்கியைப் பற்றிப் பேசிய அந்தப் பத்து நிமிடம். எனவே செப்டம்பரில் இரண்டு வாரம், ஆறு மாலை, என் வீட்டில் உட்கார வைத்தேன். பாடத்திட்டத்தில் அங்கங்கே ஒரு துண்டு எடுத்துக் கொடுப்பது, சரியா தப்பா என்று எண்ணாமல், முட்டிக்கொண்டு நிற்கும்போது என்ன செய்கிறாள் என்று பார்ப்பது. இதுவே திட்டம்.

முதல் மாலை மட்டும் அடிப்படை. சாதாரண இயற்கணிதக் கணக்கு இருபது, நாற்பது நிமிடத்தில். அவளுக்கு 65 நிமிடம் ஆனது, பதினேழு சரி. தப்பான மூன்றும் குறி மாறியவை. அடிப்படை உறுதி, ஆனால் வேகம் இல்லை. ஃபர்தர் மேத்ஸ் எடுக்கிறவர்களுக்கு அடிப்படைக் கணிதம் மூச்சு விடுவது போல வந்துவிட வேண்டும். மேல்பாடம் படித்தால் கீழ்ப்பாடம் தானாகவே எளிதாகும் என்பார்கள். அதில் உண்மை உண்டு; ஆறு மாதத்துக்குப் பிறகு. அந்த ஆறு மாதத்தை வேறு எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்பதும் கேள்வி.

இரண்டாவது மாலை, ஒன்றின் முப்படி மூலங்கள். மூன்றையும் கூட்டினால் பூச்சியம் வரும் என்று இயற்கணிதத்தில் காட்டினேன். அவள் சும்மா தலையாட்டிவிட்டு, வட்டத்தில் மூன்று புள்ளியையும் குறித்து, மையத்திலிருந்து மூன்று அம்பு போட்டாள். "மூணு பேர் ஒரே பலத்தில் மூணு பக்கம் இழுத்தா நடுவில இருக்கறது நகராது. அதானே டீச்சர்?" அதேதான். முப்பது வருடம் அந்தப் பாடத்தை நடத்திய நான் ஒரு வகுப்பில்கூட அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாவது மாலை தொகுத்தறிதல். முதல் சில ஒற்றை எண்களின் கூடுதல் எப்போதும் வர்க்க எண்ணாக வரும் என்பதை நிரூபிக்கச் சொன்னேன். படிகள் எல்லாம் சரியாக எழுதினாள். மறுநாள் வந்து கேட்டாள்: "நிரூபிக்க வேண்டியதையே உண்மைன்னு வச்சுக்கிட்டுத் தொடங்குறோமே, இது ஏமாத்தற மாதிரி இருக்கே?"

இந்தச் சந்தேகத்தோடு இரவு படுத்த பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பல் தண்டவாளத்தில் ஏறுவதைச் சொன்னேன். ஒரு பல்லில் கோத்த சக்கரம் அடுத்த பல்லுக்குப் போய்விடும் என்பது ஒரு செய்தி. அது மட்டும் தெரிந்தால் ரயில் எங்கும் போகாது. கல்லாறில் முதல் பல்லில் கோத்தது என்பது இன்னொரு செய்தி. இரண்டும் சேர்ந்தால்தான் குன்னூர். "அப்போ நாம உண்மைன்னு வச்சுக்கறது, இந்தப் பல்லில இருந்தா அடுத்ததுக்குப் போகுமான்னு பாக்கத்தானா?" என்று கேட்டு, தானே இன்னொரு நிரூபணம் எழுதினாள்.

நான்காவது மாலை மோசம். அணியை நிரை நிரையாகக் குறைத்துச் சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்க வேண்டும். மூன்று முறை தப்பு. நான்காவது முறை பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். "இதை கம்ப்யூட்டர் பண்ணாதா?" என்றாள். பண்ணும். ஆனால் அலுப்பைத் தாங்குவதும் இந்தப் பாடத்தின் பாதி. அதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

ஐந்தாவது மாலைதான் எனக்கு எல்லாவற்றையும் காட்டியது. மழை விடாமல் பெய்தது, கரண்ட் இல்லை, எமர்ஜென்சி விளக்கு. பாடம் எதுவும் தொடங்குமுன் அவளே கேட்டாள்: "தொலைநோக்கியில 1100 கம்பி ஓடுது. தாங்குற சட்டம் 24தான், 23 மீட்டருக்கு ஒண்ணு. நடுவில கம்பி தொய்யாதா? தொய்ஞ்சா பரவளையம் கெட்டுப் போகாதா?"

தொங்கும் கம்பியின் வளைவு பரவளையம் அல்ல. அது அதிபரவளையக் கோசைன் சார்பு. நம் புத்தகத்தில் இல்லாதது, ஃபர்தர் மேத்ஸ் இரண்டாம் தாளில் இருப்பது. அதை அடுக்குக்குறிச் சார்பிலிருந்து கட்டிக் காட்டினேன். பிறகு எண்களைப் போட்டோம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, விட்டம் 0.38 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் ஒரு கிராமைவிடக் கொஞ்சம் குறைவு. இழுவிசை பத்து கிலோ எடைக்கு நிகர் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். இடைவெளியின் வர்க்கத்தை, இழுவிசைக்கும் மீட்டர் எடைக்கும் உள்ள விகிதத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் தொய்வு வரும். வந்தது ஆறு மில்லிமீட்டர். தொலைநோக்கி வாங்கும் அலையின் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர். அதன் முன் ஆறு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை.

அவள் விடவில்லை. அதிபரவளையக் கோசைனுக்குப் பதில் வெறும் பரவளையம் போட்டால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கேட்டாள். கணக்கிட்டோம். கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். "அப்போ இந்தக் கம்பிக்கு அந்தப் புதுச் சார்பே வேண்டாமே" என்றாள். ஏமாற்றமும் சந்தோஷமும் கலந்த முகம் அது. பிறகு எட்டரை மணிக்கு அவள் தந்தை குடையோடு வந்து வாசலில் நிற்கும்வரை, எவ்வளவு தொய்ந்த கம்பி என்றால் அந்தச் சார்பு தேவைப்படும் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஆறாவது மாலைக்கு நான் வைத்திருந்த பாடத்தை எடுக்கவே இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

முடிவு

இப்படிப்பட்ட பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகம் இல்லாத, அலுப்பைத் தாங்காத, பஸ் இல்லாத பிள்ளையிடம் முழுப் பாடத்தையும் எடு என்று சொல்லவும் முடியவில்லை. ஏஎஸ் அளவில் நிறுத்துவது என்று முடிவு செய்தோம்: தூய கணிதம் முதல் தாள், இயக்கவியல் மூன்றாம் தாள். இயக்கவியலைத் தேர்ந்தது இயற்பியலுக்காக. வட்ட இயக்கம், மீள்விசைக் கம்பிகள், மாறும் விசையில் நேர்கோட்டு இயக்கம் எல்லாம் அவள் இயற்பியல் பாடத்தோடு கைகோத்துப் போகும். 180 மணி நேரம், வாரம் மூன்று. அதில் ஒரு மணி நேரம் மட்டும் காலை வகுப்பு. அந்த ஒரு நாளுக்கு முந்தின இரவு, தாயின் இரவுப் பணியோடு பள்ளி மருத்துவ அறைப் பக்கத்து ஊழியர் அறையில் தங்கிக்கொண்டாள். மற்றது சனிக்கிழமை. கலப்பெண்களையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தேர்வு இல்லாமல், என் பழைய பிளஸ் டூ புத்தகத்தில் படிக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

தந்தை கேட்டது ஒன்றுதான். "பாதி எடுத்தா, பாதியில விட்டுட்டான்னு நெனைப்பாங்களா டீச்சர்?" ஏஎஸ் என்பது தனியாகச் சான்றிதழ் தரும் தகுதி, விட்டுப்போனது அல்ல என்று சொன்னேன். முகம் தெளிந்தது. பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய பயம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நடுவில்

2023 ஜூன். அவள் வேகம் வந்துவிட்டது. அடிப்படைத் தாளை ஒரு மணி ஐம்பது நிமிட நேரத்துக்குள் முடித்துச் சரிபார்க்கவும் செய்தாள். பள்ளி ஆசிரியர் முழுப் பாடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றாராம். அவளுக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். நான்கு மாதத்தில் இரண்டு புதிய தாள், பக்கத்தில் இன்னும் தடுமாறும் வேதியியல், ஜனவரிக்குப் பிறகு தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டிய உயிரியல். நியாயமான காரணங்கள்தான். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. அந்தப் பழைய மாணவனின் நினைவில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இன்று யோசித்தால், அவளால் முடிந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. நான் பார்த்துப் பயந்தது பழைய பையனை. முன்னால் நின்றது வேறு பிள்ளை. ஒன்பது மாதத்துக்கு முன் செய்த சோதனையின் முடிவை அப்படியே தூக்கிப் பிடிக்காமல், இன்னொரு இரண்டு வாரம் உட்கார வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு

2024 ஜனவரியில் முடிவு வந்தது. கணிதத்திலும் இயற்பியலிலும் ஏ, வேதியியலிலும் ஃபர்தர் மேத்ஸ் ஏஎஸ்ஸிலும் பி. அடுத்த ஐந்து மாதம் நுழைவுத் தேர்வு. உயிரியலுக்கு மாநிலப் பாடப் புத்தகத்தை வாங்கி, தாயிடமே படித்தாள். செவிலியரான அவருக்கு அந்தப் பாடத்தில் பாதி வேலையிலேயே தெரிந்திருந்தது. 15 உயிரியல் கேள்வியில் எட்டைத் தொட்டதாகச் சொன்னாள். வேதியியல் அவளைக் காப்பாற்றியது. அந்த ஆகஸ்டில் ஒரு ஐசரில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தாள்.

அங்கே ஃபர்தர் மேத்ஸ் எதற்கு உதவியது என்று தீபாவளி விடுமுறையில் கேட்டேன். மதிப்பெண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை என்றாள். கூட இருப்பவர்கள் பயிற்சி மையங்களில் படித்து வந்தவர்கள், கணக்கில் அவளைவிட வேகம். ஆனால் முதல் கணித வகுப்பில் நிரூபணங்களைப் பார்த்து மற்றவர்கள் மிரண்டபோது தனக்கு மிரட்சி வரவில்லை என்றாள். ஐகன் மதிப்பு வந்தபோது இரண்டு வாரம் திணறினாளாம். முழுப் பாடம் எடுத்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். நானும் பேச்சை மாற்றவில்லை. "ஆமாம்மா, தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

போகும்போது என் பிளஸ் டூ புத்தகத்தின் முதல் தொகுதியைத் திருப்பிக் கொடுத்தாள். இரவு எடுத்துப் புரட்டினேன். கலப்பெண்கள் பகுதி முழுக்கப் பென்சில் குறிப்பு, அதை எதிர்பார்த்தேன். அதற்கு முன்னால், படிக்கச் சொல்லி நான் கேட்காத முதல் அத்தியாயத்தில், நிரைகளைக் குறைக்கும் பயிற்சிக் கணக்குகள் ஒன்று விடாமல் போட்டுக் குறியிடப்பட்டிருந்தன. அன்று பேனாவை வைத்துவிட்ட கணக்குக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் தேதி எழுதியிருந்தாள்: 2023 ஜூலை 9. அவள் என் வீட்டுக்கு வராத மாதம் அது.